ஜிகினாவும் கோவணமும்

ஒரு ரசனையை இன்னொரு ரசனை வந்து கொன்றுபோட்டது என்று எழுதுவது சுலபம். வருஷம் ஒன்றைக் குறித்துவிட்டால் போதும், சரித்திரம் எழுதியாயிற்று. மேற்கத்திய ராக் இசையின் சரித்திரக்காரர்களுக்கு அந்த வருஷம் 1991. அதற்கு முந்தைய பத்தாண்டுகள் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கூட்டம் — மாட்லி க்ரூ, ராட், பாய்ஸன் — தலைமயிரை ஸ்ப்ரே அடித்து நிறுத்தி, உதட்டுக்குச் சாயம் பூசி, இறுக்கிய தோல் கால்சட்டையில் குதித்துக்கொண்டிருந்தது. 1981 ஆகஸ்டில் பிறந்த எம்.டி.வி.க்கு இந்த முகங்கள் தேவைப்பட்டன. இந்த முகங்களுக்கு எம்.டி.வி. தேவைப்பட்டது. பிறகு மழை ஓயாத சியாட்டில் பக்கத்திலிருந்து, மரம் அறுக்கும் ஊர்களின் பிள்ளைகள், குளிருக்குப் போடுகிற கட்டம்போட்ட பழைய சட்டையோடு மேடை ஏறினார்கள். 1991 செப்டம்பர் 24 அன்று நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தது. ஜிகினா செத்தது, உண்மை ஜெயித்தது. கதை முடிந்தது.

இருபது வயதில் இந்தக் கதையை நான் முழுசாக நம்பினேன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு — பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வது. அந்த வீட்டுப் பேரன் பாரீஸிலிருந்து வந்து விட்டுப்போன கேசட்டுகள், அட்டை கிழிந்து, என் கைக்கு வந்தன. ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். எலியட்டை மனப்பாடம் செய்த அதே தீவிரத்தோடு கர்ட் கோபேனின் உடுப்பையும் மனப்பாடம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் யாரோ போட்டுக் கழித்த கட்டம்போட்ட சட்டை ஒன்றை வாங்கினேன். ஜீன்ஸின் முழங்காலை பிளேடால் கிழித்து, நூல் தொங்கவிட்டேன்.

அப்பா அப்போது ஆலைத் தொழிலாளி. நெசவுப் பகுதியில் முப்பது வருஷம். ஒரு நாள் காலையில் ஜீன்ஸை எடுத்தால் முழங்காலில் கிழிசல் இல்லை. உள்பக்கம் அதே நிறத்தில் துண்டு வைத்து, இழை இழையாகக் கோர்த்து, தடவிப் பார்த்தால்தான் தெரியும் என்கிற மாதிரி தைத்திருந்தார். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து தைத்திருக்கிறார். நான் கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. "நம்ம வூட்ல என்னடா கொற வெச்சேன் உனுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவிடம் ஒரு போட்டோ இருக்கிறது. 1975 வாக்கில் ஸ்டூடியோவில் எடுத்தது. ஸ்டூடியோக்காரர் கொடுத்த கோட்டு, கறுப்புக் கண்ணாடி, தலையில் புசுபுசுவென்று வெள்ளைத் தொப்பி; பின்னால் திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு. எம்.ஜி.ஆர். ரசிகர். அதை என் சிநேகிதர்கள் வந்தால் நான் ஒளித்துவைப்பேன்.

இந்தக் கட்டுரைக்கு அந்தப் போட்டோதான் ஆரம்பம். சியாட்டில் சங்கதி நம்முடையதல்ல. நமக்கு அது தகவல் மட்டும்தான். ஆனால் பகட்டை எளிமை வந்து சாய்த்தது என்ற அதே கதை நம்மிடமும் ஒன்று இருக்கிறது, அதற்கும் வருஷம் குறித்துவைத்திருக்கிறோம்: 1977.

அந்த வருஷத்தின் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் கதாசிரியன் யாரோ உட்கார்ந்து அமைத்தது போலிருக்கும். ஜூன் 30-ல் எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவி ஏற்கிறார். (அவர் கட்சி முதலில் ஆட்சியில் உட்கார்ந்தது கோட்டையில் அல்ல, எங்கள் புதுச்சேரியில், 1974 மார்ச்சில் என்பதை மதராஸ்காரர்கள் நினைவில் வைப்பதில்லை, அது சில வாரம்கூட முழுசாக ஓடாத படம் என்பதால் இருக்கலாம்.) 77 நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று '16 வயதினிலே' வெளியாகிறது. ராஜா வேஷக்காரர் அரிதாரத்தோடு அரண்மனைக்குள் போய்விட்டார். காலியான திரையில் கோவணம் கட்டிய சப்பாணி நொண்டிக்கொண்டு வருகிறான். நம் விமர்சகர்கள் இதைப் புரட்சி என்றார்கள். பெரிய பத்திரிகைகளும் அப்படியே சொல்லின. இரண்டு தரப்பும் ஒத்துப்போன விஷயம் அபூர்வம், அதனாலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புரட்சிதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழுநீளக் கலரில் வந்ததிலிருந்து தமிழ்த் திரையின் கலர் என்பது செட்டின் கலர், பட்டின் கலர். 1970-ல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியையே செட்டாக்கிக்கொண்டது 1973-ல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்'. மறுபக்கத்தில் 1972-ன் 'வசந்த மாளிகை'. கதாநாயகன் ஏழையாக வந்தாலும் அவன் கிழிசலுக்குச் சலவை மடிப்பு இருக்கும். இதற்குப் பழகிய கண்ணுக்கு முன்னால் பி.எஸ். நிவாஸின் காமிரா புழுதியை, வெயிலை, ஓலைக்கூரையை அவற்றின் நிறத்தில் காட்டியது. காதுக்கும் புதுசு. குருவம்மாளாக வந்த காந்திமதியின் வாயிலிருந்து விழுந்த வசவு, அதுவரை எழுத்தில் கி. ராஜநாராயணன் போன்றவர்களிடம் மட்டுமே கிடைத்துவந்த சமாசாரம். அந்தக் கிழவியின் ஒரு பெருமூச்சுக்கு அத்தனை சரித்திரப் படங்களின் வசனத்தையும் கொடுத்துவிடலாம் என்று ஒரு காலத்தில் எழுதினேன். அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கப்போவதில்லை. அதில் 'கொடுத்துவிடலாம்' என்று சொல்ல நான் யார் என்பதுதான் இப்போதைய கேள்வி. அந்த வசனங்கள் என் அப்பாவின் சொத்து.

நாம் சொல்லிவரும் கதையை விவரங்கள் அங்கங்கே மறுக்கின்றன. மறுக்கிற இடங்கள்தான் எனக்கு ருசிக்கின்றன.

'16 வயதினிலே'யை பாரதிராஜா முதலில் 'மயில்' என்ற பெயரில், அரசாங்கத் திரைப்பட நிதியுதவியோடு, கறுப்பு-வெள்ளையில் எடுப்பதாக இருந்தார். அது நடக்கவில்லை. தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு வந்தார், கலர் வந்தது, கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீதேவி வந்தார்கள். அதாவது கோவணம் கட்டியவன் கிராமத்தான் அல்ல, ஏற்கனவே பெண்கள் கனவில் வந்துகொண்டிருந்த அழகன். அந்தக் கோவணம் பேசப்பட்டதற்குக் காரணமே அது அவன் இடுப்பில் இருந்ததுதான். நிஜக் கோவணம் யாருக்கு ஆச்சரியம்? தமிழ் மண்ணையே முதன்முறையாகத் திரைக்குக் கொண்டுவந்ததாக நாம் கொண்டாடிய அந்த ஊர் மைசூருக்கும் கொள்ளேகாலுக்கும் பக்கம், கர்நாடகத்தில் இருக்கிறது. அல்லிநகரத்துப் பாரதிராஜா தொழில் படித்ததும் கன்னடத்துப் புட்டண்ணா கனகாலிடம். இதையெல்லாம் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. செட்டு என்பது அட்டையும் பெயின்ட்டும்தான் என்று நாம் நினைத்துவிட்டோம். ஒரு முழுக் கிராமத்தையும் செட்டாகப் பயன்படுத்தலாம் என்று கண்டுகொண்டவன் பெரிய கலைஞன்.

இளையராஜா விஷயமும் அப்படித்தான். 1976 மே மாதம் 'அன்னக்கிளி' வந்தபோது நாட்டுப்புறம் அப்படியே வந்து இறங்கிவிட்டது என்றார்கள். அப்படியே எதுவும் வந்து இறங்குவதில்லை. பண்ணைப்புரத்துத் தாய்மார்களின் மெட்டு ஒரு பக்கம். பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் போன அனுபவம் ஒரு பக்கம். தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற மேற்கத்திய ஸ்வர எழுத்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து பழகிய ரெக்கார்டிங் தியேட்டர் நுணுக்கம் ஒரு பக்கம். வயலின் கூட்டம் வந்து அந்த மெட்டைத் தூக்கி நிறுத்துகிற இடத்தை உற்றுக் கேட்டால், அது வயல்வெளி அல்ல, ஏ.சி. அறை என்று தெரியும். கேட்கும்போது வயல்வெளி தெரிவது அவருடைய வித்தை.

சியாட்டில்காரர்களுக்கும் இதே கதிதான். 'நெவர்மைண்ட்' அழுக்காக ஒலிக்கும் இசைத்தட்டு என்று பெயர். அதன் ஒலிக்கலவையை மெருகேற்றியவர் ஆண்டி வாலஸ்; மெருகு கூடிப்போயிற்று என்று கோபேனே பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். வெளியிட்ட ஜெஃபன் கம்பெனிதான் ஒயிட்ஸ்னேக், கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஆகியோரையும் விற்றது. அதே கிடங்கு, வேறு லேபிள். அழுக்குக் கோஷ்டியில் பெரிய பெயரெடுத்த ஆலிஸ் இன் செயின்ஸ் ஆரம்பத்தில் ஸ்ப்ரே அடித்த தலையோடு ஜிகினாக் கச்சேரி செய்தவர்கள். 1992 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து 'நெவர்மைண்ட்' கீழே இறக்கியது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' தட்டை. எந்த ஸ்ப்ரேத் தலையனையும் அல்ல. கொலை நடந்ததாகச் சொல்லும் இடத்தில் பிணமே வேறு ஆளுடையது.

நம் ஊர் ஆலிஸ் இன் செயின்ஸ், மகேந்திரன். காரைக்குடிக் கல்லூரி மேடையில் எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் பொய்யைக் கிழித்துப் பேசிய மாணவர் அவர். கிழிபட்டவரே அவரைக் கூப்பிட்டு, 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். வயிற்றுப்பாட்டுக்கு வசனம் எழுதிக் கழிந்த வருஷங்களில், சிவாஜி நெஞ்சு நிமிர்த்தி நின்ற 'தங்கப் பதக்கம்' (1974) அவர் எழுதியது. நான்கு வருஷத்தில் அதே கை 'முள்ளும் மலரும்' எடுத்தது. அதற்கடுத்த 1979-ல் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து 'உதிரிப்பூக்கள்'. வசனத்தில் மூழ்கிக் கிடந்த ஒருவனுக்கே மௌனத்தின் விலை தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியிலிருந்து வந்தவனுக்கு எதை விட வேண்டும் என்பதே தெரிந்திருக்காது.

வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. 1965-ல் ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்துத் தேசிய விருதுச் சான்றிதழும் வாங்கினார், கூட்டம் வரவில்லை. 1977-லேயே, சப்பாணி வந்த அதே வருஷத்துக்கான 25-வது தேசிய விருதுகளில், எஸ். ஜானகிக்கு '16 வயதினிலே'யின் பாட்டுக்காகப் பரிசு. சிறந்த தமிழ்ப் படத்துக்கான பரிசு 'அக்ரஹாரத்தில் கழுதை'க்கு. எடுத்தவர் ஜான் ஆபிரகாம். எழுதியவர் நம் வெங்கட் சாமிநாதன். பொது ஜனத்தின் கண்ணில் அந்தக் கழுதை ஏறத்தாழப் படவேயில்லை. நிஜமான அழுக்கு, நிஜமான அவலட்சணம் அதில்தான் இருந்தது. புழுதியைக்கூட ஊஞ்சல் ஆட்டி மெதுவாக ஓடவிட்டுக் காட்டத் தெரிந்த படத்துக்குத்தான் வெள்ளிவிழா. பாரதிராஜாவின் கிராமத்துக்குள் வெள்ளை உடுத்திய தேவதைகள் அப்போதே கருவாகிவிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு, வெற்றிபெற்ற எளிமை எல்லாம் போலி என்று முடிவு கட்டுவது நம் பத்திரிகைகளின் பழைய வியாதி. எனக்கும் இருந்தது. குணமாக்கியவள் அம்மா.

அம்மா பாகூர்ப் பக்கம். '16 வயதினிலே' அவர்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வர அடுத்த வருஷம் ஆயிற்று. அம்மாவுக்குச் சரியாகப் பதினாறு. மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நகரத்திலிருந்து வந்த டாக்டரை நம்பி மயில் மோசம் போவதைப் பார்த்துவிட்டு, கூடவந்த பெண்கள் யாரும் வீடு வரைக்கும் பேசவில்லையாம். "எங்களுக்கு யாருன்னா நின்னு சொன்ன மாதிரி இருந்துது" என்பாள். செட்டா கிராமமா, கொள்ளேகாலா பாகூரா என்ற கேள்வி அவளுக்கு இல்லை. அந்த மௌனம் நடந்தது. அதை எந்த அலசலாலும் இல்லை என்று ஆக்க முடியாது.

அப்பாவிடம் அதே படத்தைக் கேட்டேன். நான் அப்போது அதைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆதாரம் திரட்டுகிற மிதப்பு. அவர் சொன்னது: "கோமணத்த பாக்கவா காசு குடுத்து டிக்கெட் வாங்கணும்? கொல்லையில கொடியில தொங்குது, போய்ப் பாரு."

அந்தக் கட்டுரையை முடிக்கவில்லை.

பாங்கில் எனக்குக் கிடைத்த ஒரு ஞானத்தை இங்கே சொல்ல வேண்டும். காஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், புது நோட்டுக் கேட்டு நிற்பவர்கள் யார் என்று. கல்யாணத்துக்கு, மொய்க்கு, மஞ்சள் நீராட்டுக்கு, காதுகுத்துக்குப் பத்து ரூபாய்க் கட்டு, சலசலக்கிற கட்டு வேண்டும் என்று கெஞ்சுகிறவர்கள் மீன் விற்பவர்கள், கொத்தனார்கள், ஆலை மூடியபின் வாட்ச்மேன் வேலைக்குப் போனவர்கள். அழுக்கு நோட்டு வாழ்நாள் முழுக்க அவர்கள் கையில் புழங்குகிறது. பணக்காரர் யாரும் புது நோட்டுக்காக என்னிடம் கெஞ்சியதில்லை. அவருக்கு நோட்டே வேண்டாம், கணக்கில் எண்ணாக இருந்தால் போதும். வெள்ளைத் தொப்பியும் மாளிகைப் படிக்கட்டும் அப்பாவுக்கு அந்தச் சலசலப்பு. அதைப் பொய் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டூடியோக்காரரிடம் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனவர் அவர்.

அமெரிக்காவில் ஜிகினாவுக்குப் பின் அழுக்கு என்று ஒற்றை வரிசை. நம்மிடம் வரிசை திரும்பியது, அதைப் பற்றி யாரும் போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை. 1979 ஜனவரியில், 'உதிரிப்பூக்க'ளுக்கு ஒன்பது மாதம் முன்னால், சிவாஜியின் இருநூறாவது படம் 'திரிசூலம்' மூன்று வேஷங்களோடு வந்து வசூலில் திமிறியது. செத்ததாகச் சொன்ன மாடு உதைத்த உதை அது. அடுத்து 1980-ல் 'பில்லா', டிசம்பரில் 'முரட்டுக்காளை': பரட்டை கதாநாயகனாகி, கோட்டு போட்டான், காளை அடக்கினான். 1982 ஆகஸ்டில் 'சகலகலா வல்லவன்'. இந்தக் கடைசிப் படத்தை நம் ஆட்கள் முகம் சுளித்து ஒதுக்கிவிட்டார்கள். நான் அதை ஒரு தஸ்தாவேஜாகவே கருதுகிறேன். கிராமத்தானாக வருகிற கமல், பாதிப் படத்தில் நாகரிக உடுப்புக்கு மாறி, ஆங்கிலம் பேசி, பணக்காரனைப் பழிவாங்குகிறான். '16 வயதினிலே'யிலிருந்து ஐந்து வருஷம் தமிழ் சினிமா நடந்த தூரம் முழுவதையும் ஒரே படத்துக்குள் ஒரே ஆள் நடந்துகாட்டுகிறான். சப்பாணி ஜிகினா போட்டுக்கொள்கிறான். ஏன் போட்டுக்கொள்ளக் கூடாது? அவன் கோவணத்தை ரசித்தவர்கள் யாரும் அவனுக்கு வேட்டி வாங்கித்தரவில்லையே.

பங்கெடுத்தவர்களையும் பாருங்கள். 'முரட்டுக்காளை', 'சகலகலா வல்லவன்' இரண்டுக்கும் எழுதியவர் பஞ்சு அருணாசலம். 'அன்னக்கிளி'யில் இளையராஜாவைக் கொண்டுவந்த அதே பஞ்சு அருணாசலம். இசை, அதே இளையராஜா. டிசம்பர் 31 ராத்திரி எங்கள் புதுச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலைப் பக்கம் கூட்டம் நெரியும்போது, பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் கிளம்பும் பாட்டு இன்றும் அந்தப் படத்தினுடையதுதான். பெங்களூர்ப் பையன்களும், வீராம்பட்டினத்துப் பையன்களும், சொல்தா வீட்டுப் பேரன்களும் அதற்கு ஒரே ஆட்டம் ஆடுகிறார்கள். அந்த நிமிஷத்தில் அங்கே நின்று 'உதிரிப்பூக்க'ளைப் பற்றி யோசித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்; என் காலும் தாளம் போட்டது.

எளிமைக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 'மண்வாசனை' என்ற சொல் 1983-ல் பாரதிராஜாவின் படத் தலைப்பே ஆயிற்று; பிறகு விளம்பர வார்த்தை ஆயிற்று. நியூயார்க்கில் 1992 நவம்பரில் மார்க் ஜேகப்ஸ் என்ற உடுப்புக் கலைஞர் சியாட்டிலின் கட்டம்போட்ட சட்டையைப் பட்டில் நெய்து மேடை ஏற்றினார். வேலை போயிற்று, பெயர் நின்றது. அதே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' அழுக்குக் கோஷ்டியின் கொச்சைச் சொல் அகராதி என்று ஒன்றைப் பிரசுரித்தது. சியாட்டிலின் சின்ன இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றில் முன்பு வேலை பார்த்த பெண், தொலைபேசியில் கேட்டவரிடம் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டிருந்தாள். ஒரு சொல்லும் நிஜமல்ல. (நம் வட்டார வழக்கு நாவல்கள் சிலவற்றின் பின்னிணைப்பைப் படிக்கும்போது இந்தப் பெண் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.) நம்மிடம் அதே 1992-ல் 'சின்ன கவுண்டர்', தீபாவளிக்குத் 'தேவர் மகன்'. பின்னது தேர்ந்த படம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்புகளைப் பாருங்கள். பதினைந்து வருஷத்தில் சப்பாணியின் கோவணம், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியாகிப் பஞ்சாயத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ஊர்ப் பெயரும் சாதிப் பெயரும் இல்லாத எம்.ஜி.ஆரின் ஜிகினா, இதோடு ஒப்பிட்டால், எவ்வளவோ மரியாதையான பொய்.

பம்பாயில் மட்டும் அமெரிக்க வரிசையே கொஞ்சம் நிழலாடியது. 1984-ல் ஆரம்பித்த ராக் மெஷின் குழு, நீண்ட தலைமயிரும் 1988-ல் ஆங்கிலப் பாட்டுத் தட்டுமாகக் கல்லூரி மேடைகளைக் கலக்கியது, 1993-ல் இண்டஸ் க்ரீட் என்று பெயரை மாற்றி, தபலாவும் சேர்த்துக்கொண்டது, 1997-ல் கலைந்தது. நமக்குக் கேபிள் டி.வி. வந்தபோது ஸ்ப்ரேத் தலையும் அழுக்குத் தலையும் ஒரே ஒயரில் சேர்ந்து வந்தன. எது எதைக் கொன்றது என்று தெரிந்துகொள்ள நமக்கு அவகாசமே கொடுக்கப்படவில்லை.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்கலாம். நம் சரித்திரமும் இதே அச்சில் வார்த்தது என்பதால்தான். 1959-ல் 'எழுத்து' வந்தது, 1970-ல் 'கசடதபற'. 1971-ல் கோவையில் 'வானம்பாடி'. வானம்பாடிகளின் சூரியன்களையும் எரிமலைகளையும் நாம் ஜிகினா என்றோம், பெரும்பாலும் ஜிகினாதான். நம்முடையது அலங்காரம் கழற்றிய குரல் என்றோம். அந்தக் குரல் எத்தனை பேரிடம் நிஜமாக இருந்தது, எத்தனை பேர் பிளேடால் முழங்காலைக் கிழித்துக்கொண்டவர்கள்? சின்ன எழுத்தில் தேநீர்க்கடை, பூனை, ஜன்னல், அர்த்தமில்லாத பிற்பகல், கடைசி வரியில் ஒரு மௌனம். இப்படி நானே இருபத்தெட்டு கவிதைகள் அச்சேற்றியிருக்கிறேன். அவற்றில் ஆலை இல்லை. ராத்திரி ஷிப்டு முடித்து வந்து கிழிசலைத் தைத்த ஆள் இல்லை. வானம்பாடிக் கவியரங்கம் ஒன்றில் என் அப்பா பேர் சொல்லி அழைக்கப்பட்டிருப்பார், தொழிலாளியே என்று, ஆச்சரியக்குறியோடு. பொய்யாகத்தான், ஆனால் அழைக்கப்பட்டிருப்பார். என் கவிதைக்குள் அவருக்கு உட்கார நாற்காலி கிடையாது. எளிமை என்பது சிலரை வெளியே நிறுத்தும் வசதியாகவும் இருக்க முடியும் என்பதை நாம் நமக்குள்ளாவது பேசிக்கொள்ள வேண்டும்.

ஆகவே வானம்பாடிக்குத் திரும்புவோம் என்று சொல்கிறேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். காந்திமதியின் வசவுக்காக இப்போதும் சண்டை போடத் தயார். மகேந்திரன் மாதிரி, எதைக் கழற்றுகிறோம் என்று அறிந்து கழற்றியவர்கள் இருக்கிறார்கள். 1985-ல் 'முதல் மரியாதை'யில் சிவாஜி கழற்றினார். இருபது முப்பது வருஷம் போட்டுச் சுமந்ததைக் கழற்றிய தோளின் தடம் அந்த நடிப்பில் தெரிகிறது. போடாமலே கழற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்வது வேறு.

போன வருஷம் ஒரு ஞாயிறு மத்தியானம் டி.வி.யில் '16 வயதினிலே' போட்டார்கள். அப்பாவுக்கு எழுபது. அவர் வேலை பார்த்த ஆலையின் கதவு மூடி வருஷங்களாயிற்று. சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கம். காந்திமதி திட்ட ஆரம்பித்ததும் விழித்துக்கொண்டு சிரித்தார். "எங்க பெரியத்தை இப்பிடித்தான்" என்றார். அம்மா சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் வருகிற காட்சியில் உள்ளே போய்விட்டாள்.

சப்பாணி வந்தான். அப்பா முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் காத்திருந்தேன், நாற்பது வருஷத் தீர்ப்பு மாறப்போகிறது என்று.

"முடிச்சு தப்பு" என்றார். "வேல செய்யிறவன் அப்பிடிக் கட்ட மாட்டான். ரெண்டு கொடம் தூக்கினா அவுந்துடும்."

அப்புறம் இடம் வலமாகக் கையைக் காற்றில் ஓட்டி, எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டினார். எனக்கு அது பிடிபடவில்லை. இன்னொரு தரம் காட்டச் சொன்னேன். விளம்பரம் வந்துவிட்டது.